மூன்று அழைப்பு, ஒரே பருவம்: இயற்கைச் சாயக் கலைஞர் பயணத்தை எப்படித் திட்டமிடுவது?

கேட்டது இது. ஈரோட்டுப் பக்கம் அவுரி, மஞ்சிட்டி, கடுக்காய் வைத்து இயற்கைச் சாயம் போடுகிறீர்கள். வரும் ஆண்டுக்கு மூன்று அழைப்பு வந்திருக்கிறது. ஜூன் கடைசியில் ஐரோப்பாவில் ஒரு ஜவுளி மாநாட்டில் 20 நிமிட உரை. ஜூலையில் அமெரிக்காவில் ஒரு கைவினைப் பள்ளியில் இரண்டு வார நீலச் சாய வகுப்பு. நவம்பரில் டெல்லியில் கண்காட்சிக் கடை. மூன்றையும் ஒப்புக்கொள்ளலாமா, எப்படித் திட்டமிடுவது, எதை எடுத்துப் போவது?

ஒப்புக்கொள்ளலாம். ஆனால் ஒரு நிபந்தனை: மார்ச், ஏப்ரல், மே மூன்று மாதமும் வேறு எதற்கும் தலையாட்டக் கூடாது. உள்ளூர் கல்லூரியில் ஒரு நாள் பட்டறை, கோவையில் ஒரு வார இறுதிக் கடை என்று யார் கூப்பிட்டாலும் இந்த ஆண்டு முடியாது என்று சொல்லிவிடுங்கள். பயணத்தில் காட்டப்போகும் துணி, வகுப்பில் விரிக்கப்போகும் மாதிரிகள், டெல்லியில் விற்கப்போகும் சரக்கில் பெரும் பங்கு, எல்லாமே அந்த மூன்று மாதத்தில்தான் உருவாக வேண்டும். ஜூன், ஜூலை வெளியூரில் கழிந்துவிடும். ஆகஸ்டில் உடம்பு தேற இரண்டு வாரமாவது போகும். அப்புறம் கையில் இருப்பது செப்டம்பர் மட்டுமே. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால் உங்கள் பக்கம் துணி காய வைக்க நம்பகமான வெயில் இருக்காது. நவம்பர் கண்காட்சிச் சரக்கை அக்டோபரில் போட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் ஈரத் துணியோடு ரயில் ஏறுவதைப் பார்த்திருக்கிறேன்.

நம்மூர்க் கலைஞர்களுக்கு மட்டும் உள்ள சிக்கல் இது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருப்பவர்களுக்குப் பயிற்றுவிக்கும் பருவம் கோடைதான்; குளிர்காலத்தில் வீட்டில் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். நமக்கோ அவர்களுடைய கோடை முடிந்ததும் இந்தியக் கண்காட்சிப் பருவம் தொடங்கிவிடுகிறது. அக்டோபரிலிருந்து மார்ச் வரை டெல்லி, மும்பை, பெங்களூர், சென்னை என்று ஓடலாம். பிப்ரவரியில் சூரஜ்குண்ட் மேளா. கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போனால் ஆண்டில் பத்து மாதம் பெட்டியும் கையுமாகத்தான் இருப்பீர்கள். உங்களை அழைப்பதே உங்கள் துணியைப் பார்த்துத்தான். போன வருடத் துணியையே விரித்துக்கொண்டு போனால் இரண்டாவது வருடமே அழைப்பு குறையும். அதனால்தான் பங்குனி, சித்திரை வெயிலை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இனி வகுப்பைப் பார்ப்போம். மூன்றில் அதிக உழைப்பு கேட்பது அதுதான். வட கரோலினாவில் பென்லாண்ட், மெயின் மாநிலத்தில் ஹேஸ்டாக், டென்னசியில் ஆரோமாண்ட் போன்ற பள்ளிகளில் கோடை வகுப்புகள் ஒரு வாரம், இரண்டு வாரம் என்று நடக்கும். ஆசிரியரும் மாணவர்களும் வளாகத்திலேயே தங்கிச் சாப்பிடுகிறார்கள். பட்டறைக் கூடம் இரவிலும் திறந்திருக்கும். அதாவது மாணவர் இரவு பத்து மணிக்கும் வந்து சாயத் தொட்டியில் துணி முக்கலாமா என்று கேட்பார். அந்த உற்சாகம் பெரிய சந்தோஷம். ஆனால் தொட்டிக்கு ஓய்வு வேண்டும். வகுப்பு ஓடுவதும் சரிவதும் உங்கள் பேச்சை நம்பி இல்லை, தொட்டியை நம்பி இருக்கிறது.

அவுரியிலிருந்து எடுக்கும் நீலச் சாயம் தண்ணீரில் கரையாது. காரத் தண்ணீரில் ஆக்சிஜனை எடுத்துவிட்டால்தான் கரைந்து நூலுக்குள் போகும். காற்றுப் பட்டதும் மறுபடி நீலமாகி நூலோடு தங்கிவிடும். ஊரில் நீங்கள் தகரை விதையை வேகவைத்துச் சுண்ணாம்போடு புளிக்க விடும் தொட்டி வைத்திருக்கலாம். அதைவிட அழகான நீலம் கிடையாது. ஆனால் அது பிடிக்க, அதாவது நீலம் கரைந்து துணி முக்கத் தயாராக, பல நாள் ஆகும், குளிரில் இன்னும் இழுக்கும், விதையைச் சுங்கத்தில் காட்டி விளக்கவும் வேண்டும். பயண வகுப்புக்குப் பிரெஞ்சு இயற்கைச் சாய வல்லுநர் மிஷேல் கார்சியா பரப்பிய ஒன்று-இரண்டு-மூன்று முறையே சரி: எடையில் ஒரு பங்கு நீலம், இரண்டு பங்கு நீர்த்த சுண்ணாம்பு, மூன்று பங்கு பழச்சர்க்கரை (ஃப்ரக்டோஸ்). 30 லிட்டர் தொட்டிக்கு 150 கிராம் நீலம், 300 கிராம் சுண்ணாம்பு, 450 கிராம் பழச்சர்க்கரை என்று தொடங்கினால் நடுத்தரமான நீலம் வரும். நீலத்தின் தரம் ஊருக்கு ஊர் மாறும் என்பதால், கொண்டுபோகும் அதே நீலத்தை வைத்து வீட்டில் ஒரு சின்ன வாளியில் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

12 பேர் வகுப்புக்கு ஒரு தொட்டி போதாது. மூன்று கேளுங்கள்: ஒன்று அடர்த்தியாக, ஒன்று நடுத்தரமாக, ஒன்று வெளிறலாக. எல்லாவற்றுக்கும் மேல், வகுப்புக்கு முந்தின நாளே தொட்டி பிடிக்க அனுமதி கேளுங்கள். தொட்டி பிடித்துவிட்டதா என்பதை மேலே படரும் செம்பு நிற ஆடையும் ஓரத்தில் கூடும் நீல நுரையும் சொல்லும். ஒரு கண்ணாடிக் கோப்பையில் அடியிலிருந்து மொண்டு பார்த்தால் தெளிந்த மஞ்சள் பச்சையாகத் தெரிய வேண்டும். கலங்கலாக நீலமாகவே இருந்தால் சூடு போதவில்லை அல்லது சர்க்கரை போதவில்லை. 50 டிகிரிக்குப் பக்கமாகத் தண்ணீரைச் சூடாக்கிப் பிடித்தால் நேரம் மிச்சம். மெயின் மாநிலத்துக் காலைக் குளிரில் நம் சித்திரை வெயிலை எதிர்பார்க்க முடியாது. அதனால் தொட்டியைச் சூடாக வைக்க மின்சாரப் பட்டையோ வெந்நீர் வசதியோ இருக்கிறதா என்று பள்ளியிடம் இப்போதே கேட்டுவிடுங்கள்.

முதல் நாள் முதல் முக்கலை நீங்களே செய்து காட்டுங்கள். நனைத்துப் பிழிந்த துணியை விளிம்பு வழியாக மெதுவாக இறக்க வேண்டும். அடியில் சுண்ணாம்பு வண்டல் இருக்கும், அதைத் தொடக் கூடாது. உள்ளேயே கையால் மடிப்புகளை விரித்துக் கொடுத்து, வெளியே எடுக்கும் முன் தண்ணீருக்கு அடியிலேயே பிழிந்துவிட வேண்டும். பெரும்பாலான மாணவர்கள் இங்கேதான் தவறுவார்கள். துணியைச் சட்டென்று மேலே தூக்கிச் சொட்டச் சொட்டப் பிடித்துக்கொண்டு, அது பச்சையிலிருந்து நீலமாக மாறுவதைப் பார்த்து வாய் பிளந்து நிற்பார்கள். அந்தச் சொட்டு ஒவ்வொன்றும் காற்றைத் தொட்டிக்குள் கொண்டுபோகிறது. 12 பேர் ஒரு காலைப் பொழுது இப்படிச் செய்தால் மதியத்துக்குள் தொட்டி செத்துவிடும். பக்கத்தில் ஒரு காலி வாளி வைத்து, சொட்டுவதெல்லாம் அதில்தான் என்று முதல் மணி நேரத்திலேயே விதி போடுங்கள். காலையில் முக்குவது, மதியம் முடிச்சுப் போடுவது, தைத்துச் சுருக்குவது என்று நாளைப் பிரியுங்கள். மதுரைச் சுங்குடி முடிச்சு அந்த மதிய நேரத்துக்குப் பொருத்தமான பாடம். கையில் நூலும் துணியும் போதும், தொட்டிக்கும் ஓய்வு கிடைக்கும். ஆளுக்கு ஒரு நாளைக்குக் கால் கிலோ துணி என்று எல்லை வைப்பதும் நல்லது. வீட்டிலிருந்து படுக்கை விரிப்பு கொண்டுவருபவர் எப்படியும் ஒருவர் இருப்பார்.

துணியை மாணவர்களே கொண்டுவரட்டும் என்று பள்ளி சொன்னாலும், முதல் இரண்டு நாளுக்கான துணியை நீங்கள் எடுத்துப் போங்கள். கடைத் துணியில் கஞ்சியும் மெழுகும் இருக்கும், சாயம் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். அது உங்கள் தவறு போலத் தெரியும். காடாத் துணியைச் சோடாக்காரம் போட்டு நன்றாக வேகவைத்துப் பிசுக்கு நீக்கி, ஒரு சாண் சதுரத் துண்டுகளாக வெட்டி எண்ணிக் கட்டிவிடுங்கள். எடையும் அதிகமில்லை.

பெட்டியில் எது போகலாம், எது போகக் கூடாது என்பது முக்கியம். தொட்டியில் ஆக்சிஜனை எடுக்கப் போடும் ஹைட்ரோஸ் என்ற ரசாயனப் பொடியைக் கொண்டுபோகவே கூடாது. ஈரோடு, திருப்பூரில் கடைக்குக் கடை கிடைக்கிறதே என்று சிலர் அசட்டையாக இருக்கிறார்கள். ஈரம் பட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கும் பொருள் அது, பயணிகள் பெட்டியில் அதற்குத் தடை. சுண்ணாம்பைச் சுமக்க வேண்டாம். அமெரிக்கக் கடைகளில் ஊறுகாய்க்கென்றே நீர்த்த சுண்ணாம்பு விற்கிறார்கள். பழச்சர்க்கரையும் அங்கேயே கிடைக்கும். நீலத்தை நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும், ஏனென்றால் திண்டிவனம் பக்கத்து அவுரி நீலத்தைப் பற்றிச் சொல்லிவிட்டு வேறு நீலத்தில் முக்க முடியாது. ஒரு கிலோ போதும். அதைக் கைப்பையில் வைக்காதீர்கள்: அமெரிக்கா போகும் விமானங்களில் 350 மில்லிக்கு மேல் பொடி இருந்தால் கைப்பைச் சோதனையில் நிறுத்துவார்கள். பெரிய பெட்டியில், உற்பத்தியாளரின் அச்சிட்ட உறையிலேயே, பொருள் விவரச் சீட்டோடு வையுங்கள். கடுக்காய், மஞ்சிட்டி போன்றவை முழுக் காயாகவோ வேராகவோ வேண்டாம், பொடியாக இருக்கட்டும்; அப்போதும் சுங்கப் படிவத்தில் தாவரப் பொருள் என்று எழுதிக் காட்டுங்கள். ஆஸ்திரேலியா அழைப்பு பின்னால் வந்தால் இதில் இன்னும் கண்டிப்பு. அன்னபேதி என்ற இரும்பு உப்பும் படிகாரமும் எங்கும் கிடைக்கும், சுமக்காதீர்கள்.

விலையுயர்ந்த பழைய துணிகளைக் காட்டுவதற்கு மட்டும் கொண்டுபோய்த் திருப்பி எடுத்துவருவதாக இருந்தால் ஏ.டி.ஏ. கார்னே என்று ஓர் ஆவணம் உண்டு. இந்தியாவில் ஃபிக்கி அமைப்பு வழங்குகிறது. பட்டியலில் உள்ள ஒவ்வொரு துணியும் திரும்பி வந்தாக வேண்டும், விற்கக் கூடாது. எந்த நாடு எந்த வகைப் பொருளுக்கு அதை ஏற்கிறது என்பதை அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். வகுப்பில் செலவாகும் பொருள்களுக்கு இது பொருந்தாது.

விசா விஷயத்தில் அவசரப்படாதீர்கள். அமெரிக்காவுக்குச் சாதாரண வருகை விசாவில் போய்க் கற்பித்துப் பணம் வாங்க எல்லா இடத்திலும் முடியாது. பல்கலைக்கழகம் போன்ற உயர்கல்வி நிறுவனம், அதோடு இணைந்த லாப நோக்கற்ற அமைப்பு, ஆய்வு நிறுவனம் ஆகியவை கல்வி சார்ந்த பணிக்கு மதிப்பூதியம் தரலாம் என்று ஒரு சலுகை இருக்கிறது. அதற்கும் எல்லை உண்டு: ஓர் இடத்தில் 9 நாளுக்கு மேல் கூடாது, ஆறு மாதத்தில் ஐந்து நிறுவனங்களுக்கு மேல் கூடாது. உங்களுக்கு வந்திருப்பது இரண்டு வார வகுப்பு. அந்தப் பள்ளி உயர்கல்வி நிறுவனமாக இல்லாமலும் இருக்கலாம். ஆக, எந்த விசாவில் வர வேண்டும், அதற்கான விண்ணப்பத்தை யார் போடுவது, செலவு யாருடையது என்று எழுத்தில் கேளுங்கள். நல்ல பள்ளிகளுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. "வருகை விசாவிலேயே வாருங்கள், யாரும் கேட்க மாட்டார்கள்" என்று பதில் வந்தால் அந்த அழைப்பை விட்டுவிடுங்கள். விமான நிலையத்தில் கேள்விக்குப் பதில் சொல்ல நிற்பது நீங்கள், அவர்கள் இல்லை.

மாநாட்டுக்கு வருவோம். பணம் என்று பார்த்தால் மாநாடு நஷ்டம். பல மாநாடுகளில் பேச்சாளரே பதிவுக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும். ஆனாலும் போங்கள் என்றுதான் சொல்வேன். இந்தத் துறையில் பெரிய விஷயங்கள் பல மாநாட்டுக் கூடங்களில் தொடங்கியவை. 1964இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் உலகக் கைவினைஞர்கள் கூடியபோது பிறந்ததுதான் உலகக் கைவினை மன்றம். அதில் கமலாதேவி சட்டோபாத்யாய்க்குப் பெரிய பங்கு உண்டு. அதே ஆண்டில் அவர் தொடங்கிய இந்தியக் கைவினை மன்றம் இன்றும் சென்னையிலிருந்து இயங்குகிறது. ஷிபோரி என்னும் ஜப்பானிய முடிச்சுச் சாயத்துக்கான முதல் சர்வதேச மாநாடு 1992இல் ஜப்பானின் நகோயாவில் நடந்தது. பக்கத்திலேயே அரிமட்சு, நூற்றாண்டுகளாக முடிச்சுச் சாயம் போடும் ஊர். அங்கே கூடியவர்களிடமிருந்து உருவானதுதான் உலக ஷிபோரி வலையமைப்பு. பிரான்சின் லா ரோஷெல்லில் 2011இல் இயற்கைச் சாயத்துக்கென்றே மாநாடு நடந்தது. வேதியியல் ஆய்வாளரும் சாயக்காரரும் ஒரே மேசையில் உட்காரும் இடங்கள் உலகத்தில் அதிகம் இல்லை. உங்கள் சாயம் ஏன் மூன்றாம் சலவையில் மங்குகிறது என்று கேட்டால் பதில் சொல்லக் கூடியவர் அங்கேதான் கிடைப்பார்.

20 நிமிடத்தில் என்ன பேசுவது? இயற்கைச் சாயம் சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று பேசாதீர்கள். அந்தக் கூடத்தில் இருக்கும் எல்லாருக்கும் அது தெரியும். உங்களிடம் மட்டும் இருப்பதைப் பேசுங்கள். சாய வேரை, அதாவது இம்பூறல் செடியின் வேரை, எடுத்துக்கொள்ளலாம். சோழமண்டலக் கரைத் துணிகளின் சிவப்பு இந்த வேரிலிருந்து வந்தது. யாழ்ப்பாணம், மன்னார்ப் பக்கம் டச்சுக்காரர் காலத்தில் அதைத் தோண்டுவது அரசின் கட்டுப்பாட்டில் இருந்த தொழில். வேர்க்குத்திகள் என்றே ஒரு கூட்டத்தார் அங்கே இருந்தார்கள். நம் கரைக்கு இரண்டு பக்கமும் இருந்த அந்த அறிவு ஐரோப்பிய ஆய்வாளர்களுக்குப் பெரும்பாலும் ஆவணங்கள் வழியாகத்தான் தெரியும். அந்த வேரை இடித்து வேகவைத்து, எந்தக் கிணற்றுத் தண்ணீரில் நிறம் ஏறுகிறது, எதில் மங்குகிறது என்று கையால் பார்த்தவர் நீங்கள். சுண்ணாம்புச் சத்துள்ள தண்ணீரில் அந்தச் சிவப்பு நன்றாக எழும், இரும்புச் சத்துள்ளதில் கருகிப் பழுப்பாகும். இந்த வேறுபாட்டைத் துணியில் காட்டினால் வேறு எதுவும் பேச வேண்டியதில்லை.

அதற்காக ஐந்து துண்டு தயார் செய்யுங்கள். வெறும் காடா, கடுக்காயில் நனைத்தது, அதன்மேல் படிகாரம் ஏற்றியது, சாய வேரில் வெந்தது, அதே துணி அன்னபேதி பட்டது. திரையில் படம் ஓடும்போதே இந்தத் துண்டுகளை வரிசை வரிசையாகக் கைமாற்றி விடுங்கள். திரையில் சிவப்பு பொய் சொல்லும், கையில் சொல்லாது. உரை முடிந்தபின் உங்களைத் தேடி வருபவர்கள் அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் வருவார்கள். அங்கிருந்துதான் அடுத்த ஆண்டு அழைப்புகள் பிறக்கும்.

உங்கள் மாநாடும் வகுப்பும் அடுத்தடுத்து இருப்பது நல்லது. ஆனால் நடுவில் ஐந்து நாளாவது விடுங்கள். ஐரோப்பாவிலிருந்து நேராக அமெரிக்கா போய் இறங்கி, மறுநாள் காலை வகுப்பில் நிற்பது எந்த உடம்புக்கும் ஆகாது. அதிலும் வகுப்பு என்பது நாள் முழுக்க நின்றுகொண்டு, குனிந்துகொண்டு, குரல் கொடுத்துக்கொண்டே இருப்பது. அந்த ஐந்து நாளில் இரண்டை அந்தப் பள்ளி வளாகத்திலேயே செலவிட்டால் தண்ணீரைப் பரிசோதிக்கலாம், தொட்டியைப் பிடித்துவிடலாம். பொடி நீலத்தைக் கிளறும்போது முகக்கவசம், சுண்ணாம்புக்குக் கையுறை. ஊரில் போடாமல் பழகியிருந்தாலும் வகுப்பில் கட்டாயம் போடுங்கள், மாணவர்கள் உங்கள் கையைத்தான் பார்ப்பார்கள்.

டெல்லிக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அரசு சார்ந்த கண்காட்சி என்றால் கைவினைஞர் அடையாள அட்டை, அதாவது பெஹ்சான் அட்டை, நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். கடையில் நீங்களே நாள் முழுக்க உட்கார வேண்டும் என்பதில்லை. நம்பிக்கையான ஒருவரை அனுப்பிவிட்டு முதல் மூன்று நாள் மட்டும் போய் நிற்கலாம். வாங்குபவர்கள் முதல் வார இறுதியில்தான் துணியைத் தொட்டுப் பார்த்துக் கேள்வி கேட்பார்கள். மீதி நாளில் நீங்கள் வீட்டில் அடுத்த தொட்டியைப் பிடிக்கலாம்.

சம்பளம் பேசும்போது வகுப்பு நாள்களை மட்டும் எண்ணாதீர்கள். துணி வேகவைத்த நாள், மாதிரி போட்ட நாள், பயண நாள், திரும்பி வந்து படுத்துக் கிடக்கும் நாள் எல்லாம் உங்கள் வேலைதான். பொருள் செலவைச் சம்பளத்தோடு சேர்க்காமல், மாணவர் ஒருவருக்கு இவ்வளவு என்று தனியாக வசூலிக்கச் சொல்லுங்கள். குறைந்தபட்ச மாணவர் எண்ணிக்கை சேராமல் வகுப்பு ரத்தானால் எந்தத் தேதிக்குள் சொல்ல வேண்டும், அதற்குப் பிறகு ரத்தானால் உங்களுக்கு என்ன தருவார்கள் என்பதும் எழுத்தில் வேண்டும். விமான டிக்கெட்டை அந்தத் தேதிக்கு முன் உங்கள் காசில் வாங்காதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு நெசவாளர் டிக்கெட் வாங்கிய பிறகு வகுப்பு ரத்தாகி, அந்தக் கடனை அடைக்க இரண்டு பருவம் உழைத்தார்.

ஆகவே இந்த வாரம் செய்ய வேண்டியது பள்ளிக்கு ஒரு கடிதம். விசா வகை, ரத்து விதி, மூன்று தொட்டி, சூடாக்கும் வசதி, முந்தின நாளே தொட்டி பிடிக்க அனுமதி, தண்ணீர் கிணற்றுத் தண்ணீரா குழாய்த் தண்ணீரா, துணி காயப் போடக் கொடி எவ்வளவு நீளம் இருக்கிறது. கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை, ஆனால் 12 பேர் துணி ஒரே மதியத்தில் காய வேண்டும். மாநாட்டுக்காரர்களிடம் பேச்சாளருக்குப் பதிவுக் கட்டணம் தள்ளுபடி உண்டா என்று கேளுங்கள். கேட்டால் தருபவர்கள் உண்டு. இரண்டு இடத்திலிருந்தும் பதில் வந்தபின் டெல்லிக்குப் பதில் சொன்னால் போதும்.